பழையகோட்டை மாட்டை உருவாக்கியது பட்டக்காரரா, கிளுவை வேலியா?

கேள்வி இதுதான்: "எங்கள் தாத்தா சின்ன வயதில் காங்கேயத்துக்குப் பக்கத்தில் பழையகோட்டையில் மாடு மேய்த்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஊர்ப் பட்டக்காரர்தான் காங்கேயம் மாட்டினத்தையே உருவாக்கினார் என்று எங்கோ படித்தேன். அவ்வளவு சின்ன ஊர் எப்படி மாட்டுக்குப் பேர்போன ஊராயிற்று? அப்புறம் என்ன ஆயிற்று?" (பட்டக்காரர் என்பது கொங்கு வேளாளரில் சில குடும்பங்களுக்கு வழங்கும் பட்டம்.) பார்வைக்கு இரண்டு மூன்று கேள்விபோல இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். ஒரு மாட்டினத்தை ஒரு குடும்பம் உருவாக்கிவிட முடியுமா, அல்லது அந்த மண்ணிலேயே அதற்கு வேறு காரணம் இருந்ததா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. தாத்தாவுக்கு அந்தக் கதையில் என்ன இடம் என்பதையும் சேர்த்துக் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கால்நடை மருத்துவராகத் தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில் வட்டாரத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாட்டைப் பற்றியும் மேய்ச்சல் காட்டைப் பற்றியும் நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். கல்வெட்டு, வம்சாவளி, பட்டயம் என்று போனால் அது என் படிப்பு இல்லை. அங்கே காதில் விழுந்ததைக் காதில் விழுந்தது என்றே சொல்கிறேன்.

பழையகோட்டை காங்கேயத்திலிருந்து ஈரோடு போகும் வழியில் நத்தக்காடையூரை ஒட்டி இருக்கிறது. வடக்கே நொய்யல், தெற்கே தொலைவில் அமராவதி. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மேட்டு நிலம் முழுக்கச் செம்மண்ணும் சரளையும். கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வெறும் காற்றுதான் நமக்கு வரும். ஆடியில் அங்கே நின்றால் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் பேச வேண்டும். இப்படிப்பட்ட நிலத்தில் கிணறு இருக்கிற இடம் 'தோட்டம்', மற்றதெல்லாம் 'காடு'. காடு என்றதும் மரம் அடர்ந்த வனம் என்று நினைத்துவிடாதீர்கள். கொங்கு நாட்டுப் பேச்சில் மானாவாரி நிலத்துக்குக் காடு என்றுதான் பெயர்.

அந்தக் காட்டில் ஒரு வகைதான் கொரங்காடு. உங்கள் கேள்விக்கான விடையில் பாதி இந்த ஒரு சொல்லில் இருக்கிறது, அதனால் இதில் கொஞ்சம் நிதானமாகவே நிற்கப் போகிறேன். கொரங்காடு என்பது உயிர்வேலி போட்ட தனியார் மேய்ச்சல் நிலம். வேலிக்கு முள்கிளுவை. மழைக்காலத்தில் கிளுவைப் போத்தை, அதாவது கிளையை, வெட்டி வரப்போரம் நெருக்கமாக ஊன்றிவிடுவார்கள்; தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, பிடித்துக்கொள்ளும். சில வருஷத்தில் ஆள் நுழைய முடியாத முள்சுவராகிவிடும். அங்கங்கே வெள்வேல மரம். கீழே கொழுக்கட்டைப் புல். மாடு உள்ளே போய்வர வேலியில் விட்டிருக்கும் வாய்க்குக் 'கடவு' என்று பெயர். அதை முள்படல் வைத்து அடைப்பார்கள். அவ்வளவுதான் அமைப்பு. ஆனால் இந்த நான்கும் ஒன்றுக்கொன்று எப்படிப் பொருந்துகிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

கொழுக்கட்டைப் புல்லுக்கு ஆழமான வேர். கோடையில் மேலே கருகிப் போய்க் கிடக்கும். ஒரு மழை விழுந்தால் ஒரு வாரத்தில் தூர் பச்சை கட்டும். காய்ந்த நிலையிலும் மாடு கடித்துத் தின்னும். (ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிகளில் பெரிய பெரிய மாட்டுப் பண்ணைகள் நம்பியிருக்கிற புல்லும் இதே இனம்தான். அங்கே அது வெளியிலிருந்து போனது. இங்கே காலங்காலமாக இருப்பது.) புல் அடியோடு தீர்ந்துபோகும் சித்திரை வைகாசியில் வெள்வேலங்காய் உதிரும், செம்மறி அதைப் பொறுக்கியே உடம்பு தேற்றிக்கொள்ளும். நிலத்தைப் பல கொரங்காடாகத் தடுத்திருப்பதால் ஒன்றில் மேய விட்டு, புல் தணிந்ததும் அடுத்ததுக்கு மாற்றுவார்கள். முதலில் மாடு, அது விட்ட அடிப்புல்லுக்குப் பிறகு செம்மறி. சில வருஷத்துக்கு ஒருமுறை உழுது சோளமோ கொள்ளோ விதைத்து ஒரு வெள்ளாமை எடுத்துவிட்டு மறுபடி புல்லுக்கு விட்டுவிடுவார்கள். ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்து இன்று பயிற்சி முகாமில் 'சுழற்சி மேய்ச்சல்' என்று கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

வேலி இனவிருத்திக்கு என்ன செய்தது என்பதுதான் முக்கியம். ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தில் பத்து வீட்டு மாடும் கலந்து மேயும். எந்தக் காளை எந்தப் பசுவோடு சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. பெரும்பாலும் காயடிக்காமல் விட்ட சவலைக் காளை எதுவோ அதுதான் அப்பன். வேலி போட்ட காட்டில் அப்படி நடக்காது. உங்கள் பசு உங்கள் காட்டில் இருக்கிறது. நீங்கள் விட்ட காளைதான் உள்ளே இருக்கிறது. எது எதற்குப் பிறந்தது என்று எழுதி வைக்காமலே தெரியும். பொறுக்கி வளர்ப்பது என்ற வேலைக்கு இதைவிட வேறு அடிப்படை வேண்டியதில்லை. நோயும் அப்படித்தான்: கோமாரி பரவும் வருஷங்களில் அடைத்த காட்டுக்குள் இருந்த மந்தை தப்பித்து, ரோட்டோரம் மேய்ந்த மாடு விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, நிலம் இருக்கிறவர் எதற்காக அதைப் புல்லுக்கு விட வேண்டும்? உழவரிடமே நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையில் புஞ்சைக்கு வரி உண்டு. கம்பு விதைத்தாலும் வரி, புல் வளர்த்தாலும் வரி. அப்படி இருந்தும் வரி கட்டிக்கொண்டு புல் வளர்த்தார்கள் என்றால் புல் கட்டுப்படியாகியிருக்கிறது என்று அர்த்தம். கட்டுப்படியாக்கியது கவலை ஏற்றம், அதாவது எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைப்பது. கொங்கு நாடு கிணற்றுப் பாசன நாடு. ஆழக் கிணறு, பாறைக் கிணறு. ஒரு ஜோடி எருது சரிவில் இறங்கி வடத்தை இழுத்தால் கிணற்றிலிருந்து பறி, அதாவது தண்ணீர் முகக்கும் சால், தண்ணீரோடு மேலே வரும். வால்கயிறு தளர்ந்ததும் பறியின் தோல்வால் வழியாக வாய்க்காலில் கொட்டும். எருது அப்படியே பின்னுக்கு நடந்து மேட்டுக்கு ஏறும். விடிவதற்கு முன்பு தொடங்கி வெயில் ஏறும்வரை இதே நடைதான். இதற்குப் பலம் மட்டும் போதாது. முன்னே இழுக்கிற மாடு ஆயிரம் கிடைக்கும். மிரளாமல் பின்னுக்கு நடக்கிற மாடுதான் கிடைக்காது. காங்கேயம் எருதுக்கு இருந்த கிராக்கி இந்தக் குணத்துக்கு இருந்த கிராக்கி. வண்டிக்கும் உழவுக்கும் தஞ்சாவூர், மதுரைப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்து வாங்கிப் போனார்கள் என்பது உண்மைதான். ஆனால் முதல் சந்தை வீட்டு வாசலிலேயே இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் பட்டக்காரரைப் பார்க்க வேண்டும். பழையகோட்டை, காடையூர், சங்கரண்டாம்பாளையம், புதூர் என்று கொங்கு வேளாளரில் பட்டக்காரர் பட்டம் உள்ள நான்கு குடும்பங்களைச் சொல்வார்கள். பழையகோட்டைக் குடும்பத்துக்குச் சர்க்கரை மன்றாடியார் என்ற பட்டம். அதில் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார்தான் மாட்டு விஷயத்தில் பெயர் பெற்றவர். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் காங்கேயம் இனத்தைப் பற்றி எழுதிய கால்நடை அதிகாரிகள் யாராக இருந்தாலும் பழையகோட்டை மந்தையைத் தொடாமல் போகவில்லை. இது வாய்வழிச் செய்தி இல்லை, அச்சில் இருப்பது. அவர் செய்ததை ஒரு மருத்துவனாக நான் புரிந்துகொள்வது இப்படி: இரண்டு பசு வைத்திருக்கிற குடியானவனால் பொறுக்கி வளர்க்க முடியாது. கிடாரி கொஞ்சம் கோணலாகப் பிறந்தாலும் அவன் அதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். நூற்றுக்கணக்கில் பசு, தனித்தனியாகத் தடுத்த கொரங்காடு, அவசரப்பட்டு விற்க வேண்டாத வசதி இருந்தால்தான் "இது வேண்டாம், அது இருக்கட்டும்" என்று பத்துத் தலைமுறை பொறுமையாகச் சொல்ல முடியும். அந்த வசதி பழையகோட்டைக்கு இருந்தது. அங்கே பொறுக்கி எடுத்த பூச்சிக்காளைகள் (இனவிருத்திக்கு விடும் காளைகள்) சுற்றுவட்டாரத்துப் பசுக்களுக்கும் பயன்பட்டன. இப்படித்தான் ஒரு பண்ணையின் முடிவு ஒரு வட்டாரத்தின் மாடாகப் பரவும்.

ஆக, உருவாக்கினார் என்ற சொல் எனக்கு உடன்பாடில்லை. சீர்படுத்தினார், கெட்டுப்போகாமல் காத்தார் என்றால் சரி. அவர் பிறப்பதற்கு முன்பே இந்த மாடு இருந்தது. அவரைச் சுற்றி இருநூறு ஊரில் பெயர் தெரியாத குடியானவர்கள் இதையே வளர்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர் அதிகாரி வந்தால் பெரிய வீட்டுக்குத்தான் போவார், பெரிய வீட்டு மந்தையைத்தான் அளப்பார். எழுதி வைத்த சரித்திரத்தில் ஒரு பெயர் மட்டும் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, சந்தேகத்துக்கு உரியவை. பழையகோட்டையில் ஓங்கோல் காளையைக் கொண்டுவந்து கலந்துதான் இந்த இனம் உருவானது என்று ஒரு கதை உண்டு. மாட்டினங்களை வகைப்படுத்தியவர்கள் காங்கேயத்தை ஹள்ளிகர், அமிர்தமகால், ஆலம்பாடி, பர்கூர் ஆகியவற்றோடு சேர்த்து மைசூர் வகையில் வைக்கிறார்கள். கூடவே, வெள்ளைச் சாம்பல் நிற ஓங்கோலின் சாயல் இதில் தெரிகிறது என்றும் எழுதியிருக்கிறார்கள். உடம்பைப் பார்த்தால் எனக்கும் அது பொய்யாகப் படவில்லை. மைசூர் வகையில் மற்றவற்றைவிடக் காங்கேயத்துக்கு எலும்பு கனம், கொம்பு பருமன். ஆனால் சாயல் வேறு, இன்னார் இன்ன வருஷம் கொண்டுவந்து கலந்தார் என்பது வேறு. முதலாவதை ஏற்கலாம், இரண்டாவதைக் கதை என்றே வையுங்கள்.

பழமை பற்றியும் நிறையச் சொல்கிறார்கள். சிந்துவெளி முத்திரைத் திமில்காளை எங்கள் காங்கேயம்தான் என்று பெருமையாகப் பகிர்வதைப் பார்த்திருப்பீர்கள். முத்திரையில் உள்ள அங்குலக் கணக்கு உருவத்தை வைத்து இனம் சொல்ல எந்தக் கால்நடை மருத்துவராலும் முடியாது. பதிற்றுப்பத்து விஷயம் வேறு. அதில் கொங்கரை 'ஆகெழு கொங்கர்' என்கிறார்கள், அதாவது மாடு நிறைந்த கொங்கர். அதே இடத்தில், பாறையைக் குடைந்த பள்ளத்தில் கொஞ்சமாக ஊறிய தண்ணீரைக் கயிறு கட்டி முகந்து ஊற்ற, மாடுகள் மொய்த்துக்கொண்டு நிற்கிற காட்சியும் வருகிறது. கோடையில் காங்கேயம் பக்கத்துக் கிணற்றுத் தொட்டியில் மாடு முண்டியடிப்பதைப் பார்த்தவருக்கு உடம்பு சிலிர்க்கும். இதிலிருந்து இந்த நாடு மாட்டு நாடாக இருந்தது, தண்ணீர் அன்றும் பஞ்சம் என்பது உறுதி. அந்த மாடுதான் இந்த மாடு, அன்றே கொரங்காடு இருந்தது என்பதெல்லாம் அதிலிருந்து வராது. ஊர்ப் பெயரில் 'கோட்டை' இருப்பதை வைத்துக் கோட்டை வரலாறு எழுதுவதும் அப்படித்தான். தீரன் சின்னமலை பழையகோட்டைப் பட்டக்காரர் வழியில் வந்தவர் என்பது பரவலாக ஏற்கப்பட்டது. 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். ஆனால் மாட்டுக்கதையோடு அவரை முடிச்சுப் போட வேண்டியதில்லை.

வேலியைப் பற்றி ஒரு சின்ன விலகல். கிளுவைக்கு நடுவே ஒரு காலத்தில் சப்பாத்திக்கள்ளி எங்கு பார்த்தாலும் மண்டிக் கிடந்ததாக எனக்குப் பழக்கமான பெரியவர்கள் சொல்வார்கள். "ஒரு பூச்சி வந்துச்சு, ரெண்டு மூணு வருஷத்துல அத்தனையும் சொத்தையாப் போச்சு" என்பார் ஒருவர். ஏதோ கட்டுக்கதை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். கட்டுக்கதை இல்லை, 1926இல் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்ட செதில்பூச்சிதான் அது. கள்ளி செத்தது, கிளுவை நின்றது. வாய்வழிச் செய்தியை நான் முழுக்கத் தள்ளிவிடாமல் இருப்பதற்கு இதுபோன்ற அனுபவங்கள்தான் காரணம்.

உங்கள் தாத்தாவுக்கு வருகிறேன். பண்ணையின் பெயர் பட்டக்காரரோடு போனாலும், மந்தையைத் தினமும் பார்த்தவர்கள் மாட்டுக்காரப் பையன்களும் பண்ணையாட்களும். வேலி இருந்ததால் பகல் முழுக்கப் பின்னாலேயே அலைய வேண்டியதில்லை. ஆனால் விடிந்ததும் கடவைத் திறந்து விடுவது, வேலியில் எங்கே சந்து விழுந்திருக்கிறது என்று சுற்றி வந்து முள் வைத்து அடைப்பது, உச்சி வெயிலில் தொட்டிக்கு ஓட்டி வருவது, கன்று ஈனப் போகிற பசுவைப் பிரித்துக் கட்டுத்தரைக்குக் கொண்டுவருவது, பொழுது சாயத் தொண்டுப்பட்டியில் அடைத்துத் தலை எண்ணுவது எல்லாம் அவர்கள் வேலை. கவலை ஏற்றத்துக்குத் தோல்வால் தைத்தவர்களும், எருது ஓட்டியவர்களும் பெரும்பாலும் அருந்ததியர் குடும்பங்கள். வருஷக் கூலி, அதுவும் பெரும்பகுதி தானியமாக. முன்பணம் வாங்கிவிட்டால் அடுத்த வருஷமும் அங்கேயேதான். எந்தப் பசு உதைக்கும், எந்தக் கிடாரியின் தாய் நன்றாகப் பால் விட்டது என்று கேட்டால் முதலாளி திரும்பி இவர்களைத்தான் பார்ப்பார். அதை நானே எத்தனையோ கட்டுத்தரையில் கண்டிருக்கிறேன். இனத்தைப் பொறுக்கியதில் பாதி அறிவு இவர்களுடையது. எந்த அறிக்கையிலும் ஒரு பெயர்கூட இல்லை.

மாட்டை நேரில் பார்க்காதவர்களுக்காக ஒன்று. காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். முதல்முறை பார்க்கிறவர் வேறு இனம் என்றே சொல்லிவிடுவார். ஆறு மாதத்தில் அந்தச் சிவப்பு கழன்று மயிலை என்கிற சாம்பல் நிறம் வரும். காளையானால் திமிலும் முன்பக்கமும் பின்பக்கமும் கருக்கும்; காயடித்தால் அந்தக் கருப்பு வெளுக்கும். பசு பெரும்பாலும் வெளிர்சாம்பல், முழங்காலைச் சுற்றி மட்டும் கொஞ்சம் கருப்பு. பால் நாளைக்கு 2, 3 லிட்டர். அதுவும் கன்று முட்டினால்தான் சுரக்கும். கன்று செத்தால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். பாலுக்கென்று வளர்த்த மாடே இல்லை இது. இதை மறந்துவிட்டுத்தான் பிற்காலத்தில் எல்லாத் தவறும் நடந்தது.

வியாபாரமும் ஒரே கையில் இல்லை. கொரங்காட்டுக்காரர் காளைக்கன்றை இளசிலேயே விற்றுவிடுவார். தோட்டம் இருக்கிறவர் வாங்கி, சோளத்தட்டும் பருத்திக்கொட்டையும் போட்டு வளர்த்து, காயடித்து, மூக்கணாங்கயிறு குத்தி, நுகத்துக்குப் பழக்கி, ஜோடி சேர்த்து இன்னொருவருக்கு விற்பார். ஒரு எருது மூன்று நான்கு கை மாறும். ஒவ்வொரு கையும் அதில் கொஞ்சம் வேலை செய்து கொஞ்சம் லாபம் எடுக்கும். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுச்சந்தைதான் இதற்கெல்லாம் வருஷக் கணக்கு முடிக்கிற இடம். முதல் தடவை போனபோது ஒரு தரகரும் வாங்க வந்தவரும் ஒரு துண்டுக்குள் கையைவிட்டுக்கொண்டு முகத்தை வேறு பக்கம் திருப்பி நின்றார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது. அதற்கு முன்பே உடம்பில் மயிர்ச்சுழி பார்த்தாயிற்று, பல் பிடித்துப் பார்த்தாயிற்று, நடக்க விட்டுப் பின்னங்கால் குளம்பு முன்னங்கால் தடத்தில் விழுகிறதா என்று பார்த்தாயிற்று. சுழி சாத்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. நடை பார்த்தார்களே, அதில் ஒரு மருத்துவர் சேர்த்துச் சொல்ல எதுவும் இல்லை.

சரிவு எப்படி வந்தது? முதல் அடி மோட்டார். 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பக்கம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் கிணறு பம்புசெட் ஏறியது. கவலை ஏற்றம் நின்றது. பின்னுக்கு நடக்கத் தெரிந்த எருதுக்கு வேலை போயிற்று. 1950களின் நடுவில் கீழ்பவானி வாய்க்கால் வந்து, அதன் கடைமடைப் பக்கத்துக் காடு கொஞ்சம் வயலானது. 1961இலும் 1970இலும் வந்த நில உச்சவரம்புச் சட்டங்களுக்குப் பிறகு, பெரிய பரப்பை ஒரே கையில் வைத்துப் பெரிய மந்தையைப் பராமரிப்பது யாருக்கும் எளிதாக இல்லை. நிலம் பிரிந்தது நியாயம்தான் என்பவன் நான். ஆனால் பெரிய மந்தை செய்துவந்த பொறுக்கும் வேலையை அடுத்து யார் செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. அப்புறம் டிராக்டர், லாரி. அதற்குப் பிறகு ஜெர்சி ஊசி, அதாவது ஜெர்சி இனக் கலப்புக்கான சினை ஊசி.

அந்த ஊசியைப் போட்டவர்களில் நானும் ஒருவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எவ்வளவு கலப்பினக் கன்று பிறந்தது என்பதுதான் எங்களை அளக்கிற கணக்கு. வெள்ளகோவில் பக்கத்தில் ஒரு பெரியவர் வீட்டில் ஐந்து மயிலைப் பசு. ஐந்தும் அச்சில் வார்த்த மாதிரி. "அய்யா, ஒரு பசுவுக்காவது ஜெர்சி போடுங்க, நாளைக்கு எட்டு லிட்டர் கறக்கலாம்" என்றேன். அவர், "கறக்கலாங்க சார். அப்புறம் அந்த மாட்டைக் கொரங்காட்டுல விட்டா மே மாசம் நிக்குமுங்களா?" என்று கேட்டார். நிற்காது என்று எனக்கும் தெரியும். பேச்சை மாற்றிவிட்டேன். ஜெர்சி கலப்பு தவறு என்று இன்றும் சொல்ல மாட்டேன். தோட்டத்தில் தீவனம் போட முடிகிற சிறு விவசாயிக்கு அது சோறு போட்டது. புல்லும் வெயிலும் மட்டுமே இருக்கிற காட்டுக்கும் அதையே கொண்டுபோனதுதான் தவறு.

மேலும் சில இடிகள் விழுந்தன. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஊர் ஊராகப் பஸ் விட்டு ஆள் கூட்டிப்போனார்கள். மாடு மேய்க்க யார் இருப்பார்கள், எதற்காக இருக்க வேண்டும்? சாயக்கழிவு நொய்யலில் இறங்கி, 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கரையோரக் கிணறுகளைக் கெடுத்தது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போயிற்று. காங்கேயத்தைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் ஆலைகள் பெருகின; கொப்பரை காய வைக்கும் களமாகப் பல கொரங்காடு சிமெண்ட் பூசிக்கொண்டது. மழை தராத அதே ஆடிக்காற்றுக்குக் காற்றாலைக்காரர்கள் விலை வைத்தார்கள். மூன்று தலைமுறையாகப் புல்லில் வந்த வரும்படியை ஒரு கோபுரத்துக்கு விட்ட இடத்தில் ஒருவர் மொத்தமாக எண்ணி வாங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போதைய நிலை முழு இருட்டு இல்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நகரத்துப் பிள்ளைகள்கூடக் காங்கேயம் காளையின் படத்தை வைத்துக்கொண்டார்கள். இதில் ஒரு திருத்தம்: வாடிவாசலில் பெயர் பெற்றது முதன்மையாகப் புலிக்குளம் மாடு. காங்கேயம் உழைப்பு மாடு. கொங்கில் அதற்கு ஓட்டம் என்றால் ரேக்ளா. குட்டப்பாளையத்தில் இந்த இனத்துக்கென்றே சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி அறக்கட்டளை இயங்குகிறது. பழையகோட்டையில் ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் மாட்டுக்கென்றே சந்தை கூடுகிறது; விலை நன்றாகவே போகிறது. எனக்கு இருக்கிற கவலை மாட்டைப் பற்றியதைவிட வேலியைப் பற்றியது. வாங்குகிறவர்களில் பலர் பண்ணை வீட்டில் கட்டி வைத்துக் கம்பெனித் தீவனம் போடுகிறார்கள். கொழுக்கட்டைப் புல்லும் ஆடிக்காற்றும் இல்லாமல் இருபது வருஷம் வளர்ந்தால் அது பார்வைக்குக் காங்கேயமாக இருக்கும். மே மாதம் கொரங்காட்டில் நிற்குமா என்று அந்தப் பெரியவர் கேட்ட கேள்வியை அதனிடமும் கேட்க வேண்டிவரும்.

தாத்தாவைப் பற்றித் தேட நினைத்தால் ஒரு யோசனை. வருவாய்த் துறைப் பதிவுகளில் தேடினால், அந்த நிலம் முதலில் கோவை மாவட்டம் தாராபுரம் தாலுகாவில் இருந்தது, 1979இல் பெரியார் மாவட்டத்துக்குப் போனது, அது பின்னால் ஈரோடு ஆனது, 2009இலிருந்து திருப்பூர் மாவட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தவறான அலுவலகத்தில் நாள் கணக்கில் நிற்காமல் தப்பிக்கலாம். 'அ' பதிவேடு என்கிற கிராம நிலக்கணக்கில் கொரங்காடும் புஞ்சை என்றே இருக்கும், அதனால் அந்தச் சொல்லைத் தேடாதீர்கள். ஆனால் மாடு மேய்த்தவர் பெயர் நிலப் பதிவேட்டில் வராது. அதற்கு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போங்கள். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் கூட்டம் கலைந்துவிடும். எண்பதைத் தாண்டிய யாராவது வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். தாத்தாவின் பெயரை முதலில் சொல்லாதீர்கள். அவர் எந்தக் காட்டில் மேய்த்தார், எந்தக் கிணற்றுத் தொட்டிக்கு ஓட்டினார் என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு போய் அதைச் சொல்லுங்கள். ஆளை மறந்தவர்களுக்கும் அந்தக் கடவு நினைவில் இருக்கும்.